பரலில் கடைசித் தண்ணீர்

போன மாதம் கொழும்பு கொட்டாஞ்சேனையில் இருக்கும் எங்கள் பழைய வேர்க்ஷொப்பிலிருந்து கூப்பிட்டார்கள். புதிதாகச் சேர்ந்த டெக்னீஷியன்களுக்குப் பயிற்சி நாளாம். "அங்கிள், உங்கட அனுபவத்தைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதையுங்கோ" என்றார்கள். நான் சேர்ட்டுக்கு அயர்ன் போட்டு, வெள்ளவத்தையில் பஸ் ஏறி, வழியெல்லாம் பேச்சைப் பாடமாக்கிக்கொண்டு போனேன்.

மேடையில் ஏறினால் மைக் வேலை செய்யவில்லை. மெக்கானிக்கின் கை சும்மா இருக்குமா? அதைக் கழற்றிப் பார்க்கத் தொடங்கினேன். எனக்குத் தந்த நேரத்தில் பாதி அதிலேயே போய்விட்டது. மீதி நேரத்தில், எஞ்சின் கழுவிவரும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்க்கும் எங்கள் வழக்கத்தைச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த ஒரு கெட்டிக்காரப் பிள்ளை கையைத் தூக்கி, "அங்கிள், அது சுகாதாரக் கேடு இல்லையா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்து முடித்தபோது என்ன சொல்ல வந்தேன் என்பது மறந்துபோயிற்று. ஒரு பெட்டி தேநீர்க் கோப்பைகளைக் கையில் தந்து இறக்கிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்னப்பா, நல்லாக் கதைச்சனீங்களோ?"

"ஓம், நல்லாச் சிரிச்சவை" என்றேன்.

அன்றைக்கு விட்டுப்போனதை இங்கே எழுதுகிறேன். தாளுக்கு மைக் தேவையில்லை.

அவுட்போர்ட் மோட்டார் என்பது படகின் பின்பலகையில் கொளுவுகிற எஞ்சின். அரசாங்கக் கடிதங்களில் அதற்கு வெளியிணைப்பு இயந்திரம் என்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரைச் சொல்லிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்த மீனவர் ஒருவரையும் நான் கண்டதில்லை. அதற்குத் தலை காற்றில், கால் கடலில். சூடேறாமல் இருப்பதற்காகக் கடல் தண்ணீரைக் காலால் இழுத்து, உடம்புக்குள் சுற்றவிட்டு, பின்பக்கத்தில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாகத் தாரையாகப் பீச்சும். தாரை ஒழுங்காக வந்தால் எஞ்சின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். அந்த ஓட்டைக்கு வேர்க்ஷொப்பில் நாங்கள் வைத்திருந்த பெயரை எழுதினால் என் பேத்தி இதை வாசிக்க முடியாது. சின்னப் பொடியன்கள் மதிலோரம் நின்று செய்கிற காரியத்தை நினைத்துக்கொள்ளுங்கள், போதும்.

அந்தத் தண்ணீரைத்தான் நான் உத்தியோகம் பார்த்த காலம் முழுக்க நாக்கில் வைத்துப் பார்த்தேன். கடலுக்குப் போய்வந்த எஞ்சினை நல்ல தண்ணீரில் நிறுத்தி, ஓடவிட்டு, உள்ளுக்குள் கழுவ வேண்டும். கழுவாவிட்டால் உள்ளே தங்கிய கடல் தண்ணீர் காய்ந்து உப்பாகும். உப்பு அலுமினியத்தைத் தின்னும், தண்ணீர் போகும் பாதைகளை அடைக்கும். கழுவியது போதுமா இல்லையா என்பதை எப்படி அறிவது? பின்னால் வரும் தண்ணீரில் ஒரு சொட்டை நாக்கில் வைத்தால் தெரியும். கரித்தால் இன்னும் ஓடவிடு. கரிக்காவிட்டால் நிறுத்து. இதில் நான் பெரிய வித்துவான் என்று எனக்கு ஒரு நினைப்பு இருந்தது. 'நாக்கு நவம்' என்று பட்டப்பெயரும் இருந்தது. என் நாக்கின் திறமைக்காக வைத்த பெயர் என்று நீண்ட காலமாகப் பெருமைப்பட்டேன். நான் அதிகம் கதைப்பதற்காக வைத்தார்கள் என்பது பிறகுதான் தெரியவந்தது.

நான் இந்தத் தொழிலுக்கு ஆசைப்பட்டு வந்தவனில்லை. உயர்தரப் பரீட்சையில் கணக்கு என்னைக் கைவிட்டபோது, கொழும்பில் இருந்த மாமா ஒரு மோட்டார் கம்பனியில் வேலை இருப்பதாக யாழ்ப்பாணத்துக்கு எழுதினார். நான் கார் கம்பனி என்று எண்ணி றெயில் ஏறினேன். வந்து பார்த்தால் சில்லுமில்லை, சீற்றுமில்லை. சுவரோரம் ஒற்றைக் காலில் நிற்கும் எஞ்சின்கள் மட்டும். எனக்கு நீந்தத் தெரியாது, இன்றைக்கும் தெரியாது. படகில் ஏற்றினால் கரை மறையும் முன்னரே வயிறு புரளும். இந்த லட்சணத்தோடு படகு எஞ்சினிலேயே பென்ஷன் வயது வரை சாப்பிட்டவன் கொழும்பில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஃபோர்மன் சல்தீன் மாஸ்டர் மலாய்க்காரர். என்னைவிட ஐந்தாறு வயதுதான் கூட. ஆனாலும் அவர் முன்னால் நிற்கும்போது எனக்குச் சேர்ட் பொத்தான் எல்லாம் பூட்டியிருக்கிறதா என்று ஒரு யோசனை வரும். அவர் யாரையும் ஏசியதில்லை. வேலை பிழைத்திருந்தால், அதைச் செய்தவன் பார்த்துக்கொண்டிருக்க, தானே ஸ்பனரை எடுத்து முழுவதையும் கழற்றுவார். கழற்றிய ஒவ்வொன்றையும் பழைய பேப்பர் விரித்து, கழற்றிய வரிசையிலேயே அடுக்குவார். பிறகு கையைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போய்விடுவார். செய்தவன் அந்தப் பேப்பர் முன்னால் தனியே நிற்க வேண்டும். ஏச்சு வாங்குவது எவ்வளவோ மேல்.

சேர்ந்த புதிதில் ஒரு நாள் எனக்கும் பேப்பர் விரிக்கப்பட்டது. சர்வீஸ் முடித்த எஞ்சின் ஒன்றின் சத்தம் எவ்வளவு இனிமையாக இருக்கிறது என்று பக்கத்து மேசைக்காரருக்குக் காட்ட, தண்ணீருக்குள் இறக்காமலே ஸ்டார்ட் செய்துவிட்டேன். தண்ணீரை இழுக்கும் சின்ன ரப்பர்ச் சக்கரம், இம்பெல்லர் என்பார்கள், அது தண்ணீரில்லாமல் சுற்றினால் கண் மூடித் திறப்பதற்குள் கருகும். ரப்பர் மணத்தைப் பிடித்துக்கொண்டு மாஸ்டர் வந்தார். என்னைப் பார்க்கவில்லை. எஞ்சினின் காலைக் கழற்றினார், பம்பைத் திறந்தார், கருகின இம்பெல்லரைப் பேப்பரின் நடுவில் வைத்தார், போனார். அதன்பிறகு என் வீட்டில் மிக்ஸியைக்கூட நான் வெறுமனே சுற்றவிட்டதில்லை.

அவருடைய முறைகள் சிலதைச் சொல்லத்தான் வேண்டும். கழுவி முடிந்ததும் பெற்றோல் குழாயைக் கழற்றிவிட்டு, காபரேட்டரில் மிஞ்சியது தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை விடுவார். பிளக்கைக் கழற்றி உள்ளே கொஞ்சம் எண்ணெய் விட்டுக் கையால் சுற்றுவார். கியர் ஒயிலை ஒரு கண்ணாடிக் கிளாசில் இறக்கி வெளிச்சத்தில் பிடிப்பார். பிளேன்டீ போல இருந்தால் தலையாட்டுவார். பால் தேத்தண்ணி போல இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, சீல் மாற்ற வேண்டும். பிஸ்டன் தலையில் பிடித்திருக்கும் கரியை இரும்பால் சுரண்டினால் கீறல் விழும் என்று, மூங்கிலைச் சீவி வைத்திருப்பார். துடைப்பதற்கு இடுப்பில் கட்டிப் பழசான சாரத் துணிதான், நூல் உதிரும் துணி மேசைக்குக் கிட்டவும் வரக்கூடாது. அவருடைய வீட்டுச் சாரங்கள் எல்லாம் கடைசியில் எங்கள் எஞ்சின்களுக்குள்தான் வந்து சேர்ந்தன.

அந்தோனி வந்தபோது நான் புதியவன் இல்லை. தலை நரைத்து, பேச்சு முற்றியிருந்த காலம்.

முகத்துவாரத்துக் கடற்கரையில் சின்ன ஃபைபர் படகில் தொழில் செய்கிறவர் அந்தோனி. மெலிந்த, சத்தம் போடாத மனிதர். எங்களிடம் வாங்கிய புது எஞ்சின், வாங்கி ஒரு வருசம் ஆகவில்லை, கடலுக்குள் சூடேறிவிட்டது என்று முச்சக்கர வண்டியில் கொண்டுவந்தார். தூக்கிப் பிடிக்க உதவிக்கு வந்தவர் பிலிப்பு அண்ணன். அந்தக் கரையில் மூத்தவர், நெஞ்சு அகன்ற ஆள், குரலும் அதே அளவு.

எஞ்சினின் தலையைத் திறக்க வேண்டியிருந்தது. போல்ட்கள் உப்பில் இறுகிப்போயிருந்தன. ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்கிறார்களே என்று நான் நீளமான ஸ்பனரைப் போட்டு எம்பினேன். மாஸ்டர் என் தோளைத் தொட்டு விலக்கினார். போல்ட்களைச் சுற்றி எண்ணெய் விட்டார், சூடு காட்டினார், சின்னச் சுத்தியலால் அவற்றின் தலையில் தட்டினார். "கழட்ட முந்தி ஒரு முடி அளவு இறுக்குங்க, நவம். பிடி விட்டா தானா வரும்" என்றார். அப்படியே ஒவ்வொன்றாக வந்தன. மூடி கழன்றதும் உள்ளே பார்த்தேன். தண்ணீர் போகும் பாதைகள் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாக உப்பு இறுகிக் கிடந்தது. சில இடத்தில் ஒரு நெருப்புக்குச்சி போகவும் வழியில்லை.

நாக்கு நவம் சும்மா இருப்பானா? நெஞ்சை நிமிர்த்தித் தீர்ப்புச் சொன்னேன், "இது ஒரு நாளும் கழுவாத எஞ்சின்."

அந்தோனியின் முகம் கறுத்தது. "பாஸ், நான் ஒரு நாளும் கழுவாம வச்சதில்ல. அந்தோனியார் மேல சத்தியம்."

"எஞ்சின் பொய் சொல்லாது, தம்பி" என்றேன். இந்த வசனத்தை நான் பலருக்கும் சொல்வதுண்டு. சொல்லும்போது எனக்கே மெய்சிலிர்க்கும்.

பிலிப்பு அண்ணன் அந்தோனியை ஒரு தரம் மேலும் கீழும் பார்த்தார். அடுத்த நாளைக்குள் அந்தக் கரை முழுக்க 'கழுவாத அந்தோனி' என்ற பெயர் பரவிவிட்டதாகப் பிறகு அறிந்தேன். கடற்கரையில் அது சின்னப் பழி இல்லை. தன் எஞ்சினைக் கவனிக்காதவனை நம்பி யாரும் கடலுக்குப் போகமாட்டார்கள். எஞ்சினும் போய், பெயரும் போனால் அந்தோனிக்கு அந்தக் கரையில் மிச்சமிருப்பது இன்னொருவர் படகில் கயிறு இழுக்கும் வேலைதான். அதைத்தான் அவர் அடுத்த நாளிலிருந்து பிலிப்பு அண்ணனின் படகில் செய்யத் தொடங்கினார்.

எஞ்சினுக்குக் கம்பனி உத்தரவாதம் இருந்தது. ஆனால் கழுவாமல் விட்டால் உத்தரவாதம் செல்லாது. தலைமைக் கந்தோரிலிருந்து மனேஜர் போனில் கேட்டார். நான் வாயைத் திறக்கும் முன்னரே மாஸ்டர் வாங்கி, "இன்னும் பாத்து முடியல்ல, சேர்" என்று வைத்துவிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டார்.

"சிலிண்டர் சுவரைப் பாருங்க, நவம். என்ன தெரியுது?"

"ஒண்டுமில்லை, மாஸ்டர். நல்லாத்தான் இருக்கு."

"ஒரு கீறல்கூட இல்ல. சூடேறின உடனே நிப்பாட்டி இருக்கார். கேட்டுப் பாத்தன், ஒருத்தரையும் கூப்பிடாம, துடுப்புப் போட்டுக் கரைக்கு வந்திருக்கார். எஞ்சின் மேல இவ்வளவு பயம் உள்ள மனுசன் கழுவாம விடுவாரா? நீங்க போய் ஒரு நாள் அங்க இருந்து பாத்துட்டு வாங்க."

நான் போனேன். மனசுக்குள் எரிச்சல்தான். என் தீர்ப்பைப் பரிசோதிக்க என்னையே அனுப்புகிறார் என்று.

படகுகள் திரும்பும் நேரம். கரையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாய், பரல் என்பார்கள், வைத்திருந்தார்கள். அது பிலிப்பு அண்ணனின் பரல். கரைக்கு வரும் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில் இருக்கும் குழாயில் காலையில் கொஞ்ச நேரந்தான் தண்ணீர் வேகமாக வரும். அந்த நேரத்தில் அவருடைய வீட்டுக்காரர் பிளாஸ்டிக் கான்களில் சுமந்து நிரப்பி வைப்பார்கள். வரும் படகுகளின் எஞ்சினை எல்லாம் அதற்குள் இறக்கி ஓடவிட்டுக் கழுவுவார்கள். முதலில் பிலிப்பு அண்ணன் கழுவினார். நான் என் வித்தையைக் காட்ட முன்னே போய், தாரையில் கையை நனைத்து நாக்கில் வைத்தேன். துளி உப்பில்லை. தண்ணீர் நல்லது, பரல் நல்லது, முறையும் நல்லது.

"நீரும் இதிலதானே கழுவுறனீர்?" என்று அந்தோனியிடம் கேட்டேன்.

"ஓம் பாஸ். இதே பரல், இதே தண்ணி."

அவ்வளவுதான். இந்த நல்ல தண்ணீரில் கழுவிய எஞ்சினுக்குள் அவ்வளவு உப்பு வர வழியில்லை, ஆகவே இவர் கழுவியதே இல்லை. திரும்பிப் போக எழும்பினேன். அப்போது பிலிப்பு அண்ணனின் மனைவி ஒரு கோப்பைத் தேத்தண்ணி கொண்டுவந்தார். நல்ல கொதி. சுடுதேத்தண்ணி எனக்கு ஆகாது. ஊதி ஊதி ஆறவைத்துக் குடிப்பேன். அதனால் அங்கேயே ஒரு கட்டுமரத்தின் மேல் உட்கார்ந்தேன். இன்றைக்கும் யோசித்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஒரு மனிதருடைய நேர்மை என் கெட்டித்தனத்தால் வெளிவரவில்லை, தேத்தண்ணி ஆறாததால் வெளிவந்தது.

உட்கார்ந்திருந்தபோது மற்றப் படகுகள் ஒவ்வொன்றாக வந்தன. ஒருவர் எஞ்சினைக் கழுவினார், பிறகு கடல் தண்ணீர் ஊறிய நங்கூரக் கயிறு முழுவதையும் அதே பரலுக்குள் முக்கி எடுத்தார். அடுத்தவர் மீன் கூடையை அலசினார். இன்னொருவர் காலில் ஒட்டிய மணலைக் கழுவினார். எஞ்சின் ஓடும்போது தண்ணீர் சிதறிச் சிதறி மட்டம் இறங்கிக்கொண்டே போனது. திரும்ப ஊற்றக் குழாயில் போதிய தண்ணீர் இல்லை. எல்லாரும் முடித்தபோது பரலில் பாதிக்குக் கீழே கலங்கிய, செதில் மிதக்கும் ஒரு குழம்பு நின்றது.

"இனி யார்?" என்று கேட்டேன்.

"இனி நான்தான், பாஸ். என்ட எஞ்சின் இருந்தா."

"நீர் எப்பவும் கடைசியோ?"

"ஓம்."

"ஏன் கடைசியா?"

அந்தோனி, இதைக்கூடவா கேட்பது என்பது போலப் பார்த்தார். "என்டது புதுசுதானே, பாஸ். மத்தவங்கட எல்லாம் பழைய எஞ்சின். பழசுகள் முதல்ல கழுவட்டும். புதுசு தாங்கும்."

கலியாண வீட்டுப் பந்தியில் மூத்தவர்களை முதலில் உட்கார வைப்பது போல, தன் புது எஞ்சினை ஒவ்வொரு நாளும் கடைசியில் உட்கார வைத்திருக்கிறார். நான் பரலுக்குள் விரலை விட்டு நாக்கில் வைத்தேன். உடனே துப்பினேன். நல்ல கடல்.

பிலிப்பு அண்ணனிடம் விளங்கப்படுத்தினேன். கடைசியில் கழுவுகிறவர் உப்பைக் கழுவவில்லை, உப்பை உள்ளே ஏற்றுகிறார் என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"அப்ப அவன்ட எஞ்சின நாங்கதான் கெடுத்தமோ? பரல் என்ட. தண்ணி சுமக்கிறது என்ட மனுசியும் பிள்ளைகளும். ஒவ்வொருத்தனுக்கும் கவிழ்த்து நிரப்பச் சொல்லுறீங்களோ, பாஸ்? நீங்க வந்து சுமப்பீங்களோ?"

நியாயமான கேள்வி. நாக்கு நவம் வாயடைத்துப்போய்க் கொட்டாஞ்சேனைக்குத் திரும்பினான்.

மனேஜர் கெட்ட மனிதர் இல்லை. முழுக் கதையையும் போனில் பொறுமையாகக் கேட்டார். "நவரத்தினம், எனக்கு விளங்குது. ஆனா நல்ல தண்ணியில கழுவ வேணும் எண்டுதான் நிபந்தனை. இது நல்ல தண்ணி இல்லையே. புது எஞ்சின் தர என்னால ஏலாது. நீங்கள் திருத்திக் குடுக்கிறதெண்டா நான் கூலி கேக்கமாட்டன்" என்றார். அதற்கு மேல் அவராலும் முடியாது.

அந்தோனியைக் கூப்பிட்டுச் சொன்னோம். உள்ளே அரிப்பு எவ்வளவு தூரம் போயிருக்கிறதோ தெரியாது, சுவரில் ஒரு ஓட்டை விழுந்திருந்தாலும் எஞ்சின் பழைய இரும்புக் கடைக்குத்தான் என்றோம். அவர் எஞ்சினைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "கழுவல்ல எண்டு மட்டும் சொல்லாதீங்க, பாஸ்" என்றார். அந்தச் சொல்லை முதலில் சொன்ன வாய் என்னுடையது.

அடுத்த நாள் மாஸ்டர் வீட்டிலிருந்து இரண்டு பெரிய போத்தல் தேங்காய் வினாகிரி, புளித்த காடி, கொண்டுவந்தார். அவருடைய வீட்டில் மலாய் அச்சாறு, ஒரு வகை ஊறுகாய், போட்டு விற்பார்கள், அதற்கு வைத்திருந்தது. முதலில் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கரைகிற உப்பைக் கரைத்தோம். கரையாமல் கல்லாகிப்போனதற்குத்தான் வினாகிரி. வெட்டிய தகரப் பீப்பாயில் எஞ்சின் உடலை வைத்து, தண்ணீர் கலந்த வினாகிரியை இளஞ்சூட்டில் ஊற்றினார். நுரைத்தது. நான் ஊறவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்றேன். மாஸ்டர் அசையவில்லை.

"கூட நேரம் விட்டா உப்பு தின்னாத மிச்சத்தைப் புளி தின்னும்" என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் எடுத்து, தண்ணீரில் அலசி, மூங்கில் சீவலால் சுரண்டி, வளைவுகளுக்குள் பழைய சைக்கிள் பிரேக் கம்பியை நுழைத்து நுழைத்து இழுத்தோம். சாம்பல் கட்டிகள் உடைந்து உடைந்து வந்தன. அவருக்குப் பொறுமை. எனக்கு அவரிடம் பயம். இரண்டும் சேர்ந்து வேலை நடந்தது.

அந்த நாட்களில் வேர்க்ஷொப் முழுக்க அச்சாறு மணம். வருகிற வாடிக்கையாளர்கள் சாப்பாட்டு நேரமா என்று கேட்டார்கள். வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் இடம் காலியாகவே இருந்தது. வீட்டு வாசலில் மனைவி மறித்தாள்.

"என்னப்பா இது மணம்? உடுப்பை வெளியிலேயே கழட்டிப்போட்டிட்டு வாங்கோ."

"எஞ்சின் கழுவினனான்."

"எஞ்சினுக்கு மாங்காயும் போட்டனீங்களோ?"

கடைசியில் பாதைகள் திறந்தன. ஆனால் சுவர்களில் அரித்த குழிகள் தெரிந்தன. மாஸ்டர் அந்தப் பாதைகளில் மண்ணெண்ணெய் நிரப்பி மூடிவைத்தார். மயிரளவு ஓட்டை இருந்தாலும் மண்ணெண்ணெய் கசிந்து சிலிண்டருக்குள் வந்துவிடும். காலை வரை வைத்துப் பார்ப்போம் என்றார். நான் கும்பிட்டுவிட்டுத்தான் போனேன். கடலே ஆகாத நான், ஒரு கடல் எஞ்சினுக்காகக் கும்பிட்டது அதுதான் முதல் தடவை.

காலையில் போனபோது மாஸ்டர் எனக்கு முன்னரே வந்து, சிலிண்டருக்குள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தார். துணியை முகர்ந்து பார்த்தார். பிறகு என் மூக்குக்கு நேரே நீட்டினார். அச்சாறு மணம் மட்டுந்தான் இருந்தது. மண்ணெண்ணெய் மணம் இல்லை. எனக்குக் கண் கலங்கியது. வினாகிரியால் என்று சொல்லிச் சமாளித்தேன்.

புது கஸ்கட், புது இம்பெல்லர், புது தெர்மோஸ்டாட் போட்டுப் பூட்டி, வேர்க்ஷொப்பில் வேண்டிய அளவு ஓட்டிப் பார்த்தோம். பிறகு நானே முச்சக்கர வண்டியில் அந்தோனியுடன் முகத்துவாரத்துக்குக் கொண்டுபோனேன். படகில் கொளுவி, கடலில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும். அது என் பொறுப்பு. நானும் ஏறினேன். போகும்போது எஞ்சினைக் கவனித்தேன், வரும்போது என் வயிற்றைக் கவனித்தேன். தாரை சீராக வந்தது. எஞ்சினின் உடம்பில் கை வைத்தால் கை தாங்கும் சூடுதான். அந்தோனி கைப்பிடியைப் பிடித்திருந்த விதத்திலேயே சந்தோசம் தெரிந்தது.

நாங்கள் கரைக்கு வந்தபோது மற்றப் படகுகள் எல்லாம் வந்து, கழுவி முடிந்திருந்தன. பரலில் பாதிக்குக் கீழே அதே கலங்கல். கயிறு முக்கியிருந்தார்கள், கூடை அலசியிருந்தார்கள், ஒன்றும் மாறவில்லை. நான் சொன்ன விளக்கத்தைக் காற்று கொண்டுபோயிருந்தது. அந்தோனி எஞ்சினைக் கழற்றித் தோளில் சுமந்து, எப்போதும் போல அந்தப் பரலை நோக்கிப் போனார். ஓரிருவர் சிரித்தார்கள். "கழுவாதவன் கழுவ வாறான்" என்று யாரோ சொன்னது கேட்டது.

நான் ஒரு சொற்பொழிவுக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் பிலிப்பு அண்ணன் வலை பின்னிக்கொண்டிருந்த இடத்திலிருந்து எழும்பி வந்தார். பரலுக்குள் எட்டிப் பார்த்தார். விரலை விட்டு, என்னைப் பார்த்துக்கொண்டே நாக்கில் வைத்தார். முகம் சுருங்கியது. அந்தோனியின் தோளில் இருந்த எஞ்சினைப் பார்த்தார், அந்தோனியின் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு இரண்டு கையாலும் பரலைப் பிடித்துச் சாய்த்துக் கவிழ்த்தார். தண்ணீர் முழுவதும் மணலுக்குள் இறங்கிப்போனது. அந்தக் கரையில் தண்ணீரை யாரும் கொட்டி நான் கண்டதில்லை. சிரித்தவர்கள் எழும்பி நின்றார்கள்.

அவர் இரண்டு கான்களை எடுத்துக்கொண்டு ஒழுங்கைப் பக்கம் நடந்தார். குழாயில் நூல் போலத்தான் தண்ணீர் வரும் நேரம். பிறகு ஒருவர் ஒரு வாளியை எடுத்தார், இன்னொருவர் ஒரு கானை எடுத்தார். கடைசியில் கரையில் எஞ்சினைச் சுமந்தபடி அந்தோனி மட்டும் நின்றார். "இறக்கி வையும்" என்றேன். அவர் இறக்கவில்லை. நானும் ஒரு வாளியை எடுத்துக்கொண்டு போனேன். வரும் வழியில் பாதியை என் காற்சட்டையில் ஊற்றிக்கொண்டேன். ஆனாலும் மீதியைப் பரலுக்குள் ஊற்றினேன்.

நிரம்ப நெடுநேரம் எடுத்தது. நிரம்பியதும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. பரலைச் சுற்றி நின்றார்கள். அந்தோனிக்குக் கண்ணீர் வடிந்தது. துடைப்பதற்குக் கை இல்லை, இரண்டு கையும் தோளில் இருந்த எஞ்சினில்.

பிலிப்பு அண்ணன் பரலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"கழுவு, தம்பி" என்றார். "நாங்க எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்கிறம்."